ஐநூறு ரூவா தானேன்னு கட்டறதுக்கு முன்னாடி போட்டோவ பாருங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு கேரளா-தமிழ்நாடு பார்டர்ல கேரளா பக்கம் இருக்கற நமக்கெல்லாம் பொழப்பு ரெண்டு பக்கமும் தான், பாலு ஊத்தறது இங்க, சந்தைக்குப் போறது பொள்ளாச்சிக்கு, ஒடம்பு சரியில்லைன்னா கோயமுத்தூர். வண்டி ஒண்ணு, ஃபைன் போடறது ரெண்டு கவர்ன்மென்ட்டு. ஹெல்மெட் போடலைன்னா வாளையாருக்கு இந்தப்பக்கம் 500 ரூவா, அந்தப்பக்கம் தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து 1000 ரூவா. போன்ல செலான், அதாவது ஃபைன் கட்டச் சொல்ற மெசேஜ், வந்ததும் எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, கட்டிடறதா, இல்ல இது தப்புன்னு எழுதிக் கேக்கறதான்னு.

நான் யார் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். தப்பு நம்மளுதுன்னா அன்னைக்கே கட்டிடுங்க, அதுல சாக்கு தேடாதீங்க. நம்மளுது இல்லைன்னா ஒத்த ரூவா கட்டாதீங்க, அலைச்சல் இருந்தாலும் சரி.

கேரளாவுல 2023 ஜூன் 5ஆம் தேதில இருந்து கேமரா ஃபைன் ஓடுது, ஆரம்பிச்சப்போ மொத்தம் 726 கேமரா, அதுல 675 ஏஐ கேமரா, ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் 500, மூணு பேர் போனா 1000, ஓட்டிட்டே போன் பேசினா 2000. கேமரா வந்ததுல எனக்கு எந்தக் கோவமும் இல்லை, நம்ம ரோட்டுல தலைல அடிபட்டு போன பசங்கள நெனச்சா இன்னும் நாலு கேமரா வைக்கலாம்னு தான் தோணும். ஆனா படத்துல இருக்கற நம்பர தப்பா படிச்சு வேற ஆளுக்கு செலான் போகுதே, அத பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

எங்க அத்தைக்கு அப்படித்தான் வந்துச்சு. அத்தைகிட்ட இருக்கறது வெளுத்துப்போன சாம்பல் கலர் ஸ்கூட்டர், முன்னாடி மாட்டுத்தீவன மூட்டை வெக்கறதுக்குன்னே காலியா வெச்சிருப்பாங்க, பக்கத்து பால் சொசைட்டி தாண்டி எங்கயும் போகாது. மெசேஜ் வந்தது ஹெல்மெட் இல்லாம ஓட்டினதுக்கு, அத்தை போகவே போகாத ஒரு டவுன்ல. "ஏங்கண்ணு, ஐநூறு ரூவா தானே, கட்டிப்போட்டுடு, நமக்கு எதுக்கு கேஸு கச்சேரியெல்லாம்"னு பணத்த கைல எடுத்துட்டு வந்துட்டாங்க. "இருங்க அத்தை, மொதல்ல படத்த பாக்கலாம்"னு பரிவாஹன் இ-செலான் சைட்ல செலான் நம்பர் போட்டு எடுத்தா, படத்துல இருக்கறது ஒரு கருப்பு பைக், ஓட்டறது லுங்கி கட்டின ஆளு, பின்னாடி ஒரு காஸ் சிலிண்டர் கட்டி இருக்கு. நம்பர் பிளேட்ட பெருசு பண்ணி பாத்தா கடைசி எழுத்து 8, மேல சேறு அப்பி கொஞ்சம் மறைஞ்சிருக்கு, அத 3ன்னு எடுத்துக்கிட்டாங்க. அத்தை கண்ணாடிய போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் "இது யாரு பெத்த புள்ளையோ, நான் ஏன் கட்டணும்"னாங்க.

இங்க ஒரு விசயம் நிறைய பேருக்கு தெரியல, கட்டறதுன்னா பணம் போறது மட்டும் இல்ல, தப்ப ஒத்துக்கிட்டதா ஆகும். மோட்டார் வாகன சட்டத்துல பொதுவான தப்புகளுக்கு 177ஆம் பிரிவு இருக்கு, மொத தடவை 500 வரைக்கும், மறுபடி மாட்டினா 1500 வரைக்கும். அந்த மாதிரி ஊரான் தப்பு ஒண்ண நம்ம பேர்ல ஏத்திக்கிட்டா நாளைக்கு நெசமாவே நாம மாட்டறப்போ அது ரெண்டாவது தடவையா நிக்கலாம்.

கேமரா செலானுக்கு சட்டத்துல ஒழுங்கா விதி இருக்கு, மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, 2021ல கொண்டு வந்தது. தப்பு நடந்த 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், படம் தெளிவா இருக்கணும், நம்பர் பிளேட் தெரியணும், தேதி நேரம் இடம் போடணும், எந்தப் பிரிவுன்னு போடணும், கேமரா இருக்கற இடத்துல அதுக்கான போர்டும் வெச்சிருக்கணும். அதனால மெசேஜ் வந்ததும் படம், இடம், நேரம் மூணையும் பாருங்க, அன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சுன்னு யோசிங்க. பேப்பர் இல்லைன்னு போட்டிருந்தா, அன்னைக்கு தேதிக்கு இன்சூரன்ஸ் உயிரோட இருந்துச்சுன்னு காட்டினா போதும், டிஜிலாக்கர்ல இருக்கற ஆர்சியும் லைசென்சும் செல்லும், பேப்பரா கைல இல்லைன்னு சொல்லி ஃபைன் போட முடியாது.

எழுதிக் கேக்கறதா இருந்தா சீக்கிரம் கேளுங்க, இது தான் முக்கியம். கட்டாம கெடந்தா செலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்கு போயிடும், அங்க ரெண்டே வழி தான், ஃபைன் கட்டறேன் இல்லைன்னா கேஸ் நடத்தறேன். கேஸ் நடத்தறேன்னு அமுக்கினா அது சாதா கோர்ட்டுக்கு வந்துடும், நாம நேர்ல போய் நிக்கணும், தேங்கா பறிக்கறவருக்கும் கள்ளு எறக்கறவருக்கும் ஒரு நாள் கூலி போறது ஃபைன விட பெருசு, அதுக்கு பயந்து தான் நல்லவங்களும் கட்டிட்டு போயிடறாங்க. அங்க போறதுக்கு முன்னாடி சைட்லயே புகார் குடுக்கற எடம் இருக்கு, அதுல ஆர்சி படமும் நம்ம வண்டிய பின்னாடியும் சைடுலயும் எடுத்த போட்டோவும் போடலாம். செலான் போட்ட ஆபீசுக்கு கைப்பட ஒரு மனுவும் குடுத்துட்டு, வாங்கிக்கிட்டதுக்கு சீல் வாங்கிக்கங்க.

அந்த மனுவ தமிழ்லயே எழுதலாம். மலையாளம் எழுத வராதேன்னு எத்தனையோ பேரு வாய மூடிட்டு பணத்த கட்டறாங்க. 1969 கேரள ஆட்சிமொழி சட்டத்துலயே இருக்கு, தமிழ் சிறுபான்மை பகுதில இருக்கறவங்க அங்க இருக்கற அரசு ஆபீசுக்கு தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்ல கேக்கலாம். அத்தை மனுவ நான் தமிழ்ல தான் எழுதினேன், கவுண்டர்ல கொஞ்சம் மொகம் சுளிச்சாங்க, ஆனா வாங்கிக்கிட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு செலான் ரத்தாச்சு.

எல்லாத்துக்கும் இப்படி ஜெயிக்க முடியாது. வித்த வண்டி இருக்கே, அது பெரிய தலைவலி. கேஎல் 70 நம்பர் போட்ட நம்ம ஊர் வண்டிய பொள்ளாச்சிக்காரருக்கு வாய் வார்த்தைல குடுத்துட்டு பேர் மாத்தாம விட்டவங்க நம்ம ஊர்ல தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க, அவரு அங்க ஹெல்மெட் இல்லாம சுத்தினா மெசேஜ் இவங்களுக்கு தான் வரும், ரெக்கார்டுல ஓனர் இவங்க தானே. இதுல மனு எழுதறதுல பெருசா ஒண்ணும் நடக்காது, வாங்கினவர புடிச்சு கட்ட வெச்சுட்டு, ஃபாரம் 28ல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று வாங்கி, ஃபாரம் 29ம் 30ம் போட்டு பேர மாத்துங்க. செலான் பாக்கி இருந்தா அந்த வேலையும் நிக்கும்.

ரோட்டுல நிறுத்தி புடிக்கறப்போ "இருநூறு குடுத்துட்டு போ"ன்னு யாராவது சொன்னா குடுக்காதீங்க, மிசின்ல ரசீது வராத காசு ஃபைனே இல்ல. அப்புறம் வாட்சப்ல செலான்னு ஏபிகே ஃபைல், அதாவது போன்ல ஆப் ஏத்தற ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க, பேங்க் காச சுரண்டிடுவாங்க. நெச சைட்டுக்கு அட்ரஸ் கடைசில ஜிஓவி டாட் இன்னு தான் முடியும்.

மனு எழுத தெரியலைன்னா ஞாயித்துக்கெழமை காலைல எங்க வீட்டுக்கு வாங்க, நான் எழுதித் தர்றேன். ஆர்சி காப்பியும், மெசேஜ் வந்த போனும் எடுத்துட்டு வாங்க, ஆர்சில பழைய போன் நம்பர் இருந்தா ஓடிபி வராது, அத மொதல்ல மாத்திக்கலாம்.