லேஞ்சி காயாத ஊர்

கல்யாணமாகி இலங்கையின் நுவரெலியாவுக்கு வந்த முதல் வாரமே தடிமன் பிடித்துவிட்டது. ஜலதோஷத்துக்கு இங்கே அதுதான் பெயர். விருதுநகர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு 1,868 மீட்டர் உயரத்துக் குளிர், அதுவும் ஜூன் மாதத்து மழை, எப்படி ஒத்துக்கொள்ளும்?

"லேஞ்சி இல்லையாம்மா?" என்று மாமி கேட்டார். (எங்கள் ஊரில் அத்தை என்போம். மாற்றிக் கூப்பிட வாய் பழக ஒரு மாதம் ஆனது.) நான் முழித்தேன். கைக்குட்டையைத்தான் கேட்டிருக்கிறார். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்; சிங்களத்திலும் லேன்சுவதான்.

லேஞ்சி ஆறு வைத்திருந்தேன். காய்ந்தது ஒன்றுகூட இல்லை. ஊரில் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். இங்கே திங்கட்கிழமை போட்டது வியாழக்கிழமையும் சில்லென்று தொங்கியது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் விறகுப் புகை ஏறி, மூக்கில் வைத்ததும் இன்னும் இரண்டு தும்மல்.

அப்புறம்தான் இவர் டவுனிலிருந்து ஒரு டிஷ்யூ பெட்டி வாங்கி வந்தார். மாமி ஒன்றை இழுத்தார். அடுத்தது தலையை நீட்டியது. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கோத்திருப்பதால் அப்படி வரும். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் அவருக்கு. ரேகைகளில் சாயம் இன்னும் போகவில்லை. தாளின் மூலையை நகத்தால் நெருடினார். அது இரண்டு அடுக்காகப் பிரிந்தது.

"ரெண்டு கடதாசி இருக்கு பாரு. ரெண்டையும் எதுக்கு வீசுற?"

ஒன்றை என்னிடம் தந்தார். இன்னொன்றை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

இது மூக்குக்காக வந்த சாமானே இல்லை என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். 1924இல் அமெரிக்காவில் க்ளீனெக்ஸ் விற்பனைக்கு வந்தது, பெண்கள் முகத்தில் பூசிய கோல்ட் கிரீமைத் துடைத்தெடுப்பதற்காக. வாங்கியவர்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கியதும், 1930 வாக்கில் விளம்பரத்தையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கிரீம் எங்க?" என்றார்.

என் முட்டாள்தனமும் ஒன்று உண்டு. மூக்குச் சிந்திய தாள்களையெல்லாம் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. கக்கூஸ் தாள் தண்ணீரில் பிரிந்து போகும். முகம் துடைக்கிற டிஷ்யூவை ஈரத்திலும் பிய்யாதபடி செய்கிறார்கள். இவர் மழையில் நின்று மூங்கில் குச்சியால் குத்தியபோது பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

டவுனில் ஒரு ரொட்டிக் கடையில் கை துடைக்க எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? கொப்பித் தாளைச் சதுரமாக வெட்டி ஆணியில் குத்தி வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்ததில் ஏதோ பிள்ளையின் பெருக்கல் கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. அந்தத் தாள் எண்ணெயைத் துடைக்காது, இடம் மாற்றும், அவ்வளவுதான். டிஷ்யூவின் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது.

இப்போது வீட்டுக்குள் டிஷ்யூ, வெயில் வரும் மாதங்களில் லேஞ்சி என்று ஓடுகிறது. போன மாதம் தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு மாமி ரவிக்கையிலிருந்து எடுத்து எடுத்து நீட்டினார். எல்லாமே ஒற்றை அடுக்கு.