முதுகை அளந்து வாங்கிய பை

டிசம்பர் 14, ஞாயிறு

ஜனவரியில் அகத்தியர்கூடம் மலைக்குப் போவதென்று தோழியும் நானும் முடிவு செய்துவிட்டோம். 1,868 மீட்டர் உயரம். கேரள உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2019 ஜனவரியில்தான் பெண்களுக்கு அந்தப் பாதை முழுமையாகத் திறந்தது. பாதை திறந்தாயிற்று, எங்கள் முதுகுக்கு ஏற்ற பைதான் இன்னும் கடைகளுக்கு வந்து சேரவில்லை. நாகர்கோவிலில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் "எத்தனை லிட்டர்?" என்று கேட்டார்கள். முதுகின் நீளத்தை ஒருவரும் கேட்கவில்லை.

இரவு அம்மா அளந்து பார்த்தார். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை தையல் டேப்பைப் பிடிக்க வேண்டும். எனக்கு 41 சென்டிமீட்டர். என்னைவிட நல்ல உயரமான தோழிக்கு 42தான். ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை வாங்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

டிசம்பர் 20, சனி

திருவனந்தபுரம் போய் வாங்கிவிட்டோம். 45 லிட்டர், முதுகுப்பகுதியை ஏற்றி இறக்கும் வசதி கொண்டது. மலைப்பாதையில் உள்ள அதிருமலை முகாமில் தங்க இடமும் உண்டு, உணவும் கிடைக்கும். கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியிருந்தால் 60 லிட்டர் வாங்கியிருப்பேன். தேவையில்லாமல் பெரிய பை வாங்கினால், காலியிடத்தைப் பார்த்ததும் கை தானாக எதையாவது எடுத்துத் திணிக்கும்.

வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. கடையிலேயே எடை வைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் நடந்தேன். இடுப்புப் பட்டைதான் பையின் உயிர். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் அமர வேண்டும். முதலில் அதை இறுக்கி, பிறகு தோள்வார், கடைசியாகத் தோளுக்கு மேலுள்ள சிறு வார். இந்த வரிசையில் மாட்டினால் சுமையின் பெரும்பங்கு கால்களுக்கு இறங்கிவிடும். தோள்வார் பையை முதுகோடு அணைத்துப் பிடித்தால் போதும். ஆண்களுக்கென்று செய்த பட்டை என் இடுப்பில் மேல்விளிம்பு மட்டும் அழுத்தி, கீழே விலகி நின்றது. அதை ஒதுக்கிவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

அரிசியும் தண்ணீருமாக ஒன்பது கிலோ வைத்து மருத்துவாழ்மலை ஏறினோம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 58 கிலோ உள்ள எனக்கு அது பதினொன்றரைக்குச் சற்று மேல். அந்த எல்லை வரை போகவே மனமில்லை. மேலே காற்று பலமாக அடித்தபோது, பையின் வெளியே கட்டியிருந்த பாய் என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. இனி வெளியே எதையும் தொங்கவிடுவதில்லை.

ஜனவரி 17, சனி

அனுமதி வந்துவிட்டது. கட்டில் முழுக்கப் பொருள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்தேன். ஸ்லீப்பிங் பேக் அடியில். தண்ணீர், உணவு, மருந்து போன்ற கனமானவை முதுகை ஒட்டி நடுவில். உச்சியில் செங்குத்துப் பாறை இருப்பதால் வழக்கத்தைவிடச் சற்றுக் கீழே வைத்தேன். சுற்றிலும் துணிகள். மழைக்கோட்டும் டார்ச்சும் எல்லாவற்றுக்கும் மேலே.

பையின் மழையுறையை மட்டும் நம்ப மாட்டேன். இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டத்தில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உறை மூடாத முதுகுப்பக்கத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் மாற்றுத்துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் நீர்புகா நைலான் பைகளுக்குள். காட்டில் பிளாஸ்டிக்குக்குத் தடை. தின்பண்டம் எல்லாம் துணிப்பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும். அவல், கருப்பட்டி, ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்). அட்டைப்பூச்சிக்கு உப்பு.

"மக்களே, முந்திரிக்கொத்து கொஞ்சம் கூட எடுத்துக்கொள்" என்றார் அம்மா. அரைக் கிலோ ஏறியது. அதற்காக இரண்டாவது ஸ்வெட்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மொத்தம் தண்ணீரோடு 8.4 கிலோ.

ஜனவரி 24, சனி

நேற்று மாலை திரும்பினோம். நடை தொடங்கும் போனக்காட்டில் இருந்து அதிருமலை வரையிலான நீண்ட நடையில் தோள் வலிக்கவேயில்லை. ஓடைகளைக் கடக்கும்போது மட்டும் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றிக்கொண்டேன். விழுந்தால் பையை உடனே உதறிவிடலாம். மறுநாள் உச்சிக்கு ஏறியபோது பெரிய பை முகாமிலேயே இருந்தது. தண்ணீர், உப்பேரி, மழைக்கோட்டு மட்டும் சிறு துணிப்பையில். கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏறும்போது இரண்டு கையும் வேண்டும்.

இன்று பையை உதறி, வெறும் தண்ணீரில் துடைத்து, நிழலில் தொங்கவிட்டிருக்கிறேன். ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரியும். நம் ஊர்க் கடற்காற்றில் உலர இரண்டு நாளாவது ஆகும். மார்த்தாண்டத்தில் இருக்கும் தங்கை அடுத்த மாதத்துக்கு இரவல் கேட்டிருக்கிறாள். தையல் டேப்பை எடுத்து முதுகை அளந்து சொல்லச் சொன்னேன்.