ஓலைப்பெட்டில வந்த சாமி

மாசி சிவராத்திரிக்கு குலசாமி கும்பிடப் போயிட்டு வந்து இன்னும் கார் மிதியடில மணல் போகல, அதுக்குள்ள எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். நாங்க இருக்கறது மதுரை. அய்யனாரு இருக்கறது சாயல்குடிக்குத் தெக்க, ராத்திரில கடல் எரைச்சல் கேக்குற தூரத்துல. அருப்புக்கோட்டை, கமுதின்னு போனா சீக்கிரம் போயிரலாம். ஆனா உத்தரகோசமங்கைல எறங்காம போனா எங்க அம்மா வீடு திரும்புற வரைக்கும் பேசாது, அதனால பரமக்குடி சுத்தித்தான் வண்டிய விட்டோம்.

மங்கைல மரகத நடராஜரு வழக்கமா வருசம் பூரா சந்தனக்காப்புலதான் இருப்பாரு, மார்கழி திருவாதிரைய ஒட்டித்தான் களைவாங்க. மத்த எடத்துல சிவனுக்கு ஆகாதுன்னு ஒதுக்குற தாழம்பூவ இங்க சாத்துறாங்க. "மண்ணு முந்தியோ மங்கை முந்தியோ"ன்னு அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லும், இந்தத் தடவையும் சொல்லுச்சு. நல்ல தரிசனம்.

அங்கருந்து கடற்கரை ரோட்டப் புடிச்சா பாதி தார்ல குண்டு மிளகாதான் காயுது. 2023ல புவிசார் குறியீடு வாங்குன மிளகா, மேல ஏத்திரக் கூடாதுன்னு ஓரங்கட்டி ஓரங்கட்டிப் போனதுல கோயிலுக்கு 200 அடி முன்னாடி டயரு மணல்ல பொதஞ்சுருச்சு. பங்காளிங்க நாலு பேரு வந்து தள்ளுனாங்க. "மதுரக்காரனுக்கு மணல்ல ஓட்டத் தெரியுமா"ன்னு ஒரு சித்தப்பா சிரிச்சத விட்ருவோம்.

பொங்க வச்சு, அக்கா மகனுக்கு என் மடில உக்கார வச்சு மொட்டை போட்டு காது குத்தி எல்லாம் முடிஞ்சது. ராத்திரி பூசைக்கு இன்னும் நேரம் கெடந்துச்சு. அப்பதான் பெரியப்பா ஆரம்பிச்சாரு. சின்ன வயசுலருந்து கேட்ட கதைதான். தாது வருசப் பஞ்சம், 1876லருந்து 78 வரைக்கும். நம்ம ஆளுக அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசக்காட்டுல பருத்தியும் கம்பும் போட்டு பொழச்சவுக, மழை இல்லாம எல்லாம் போச்சு, சோடி மாட்டுல ஒண்ணு செத்துருச்சு. வண்டி நுகத்தடில ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் பூட்டனே தோளக் குடுத்து இழுத்துட்டு வந்தாராம். ஏன் இங்க? பனை. பதநியும் கெழங்கும் இருக்குற சீமைல பட்டினிச் சாவு விழாதுன்னு யாரோ சொல்லிருக்காங்க. வண்டில கம்பு விதை ஒரு பொட்டலம், கொழந்தைக ரெண்டு, ஒரு ஓலைப்பெட்டில அய்யனாரு கோயில் பிடிமண்ணு. (புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்யச் சொல்லி வேளாருகிட்ட, அதான் மண்பாண்டம் செய்றவருகிட்ட, குடுக்குற பிடிமண்ணு வேற, இது சாமிய கையோட கூட்டிட்டுப் போறதுக்கு அள்ளுறது.) விதைய வழிலயே தின்னுட்டாக. மண்ணு மட்டும் வந்து சேந்துச்சு.

வந்தவரு நெலத்தப் பாக்கல, தண்ணியப் பாத்தாரு. மணல்ல கையால ஊத்துத் தோண்டி நாக்குல வச்சுப் பாத்திருக்காரு. மூணு எடத்துல உப்பு, நாலாவதுல நல்ல தண்ணி. அதுக்குப் பக்கத்துல ஒடைமரத்தடில பிடிமண்ண வச்சு மேல ஒரு கல்ல நட்டாரு. அதுக்கப்புறந்தான் ஒடையையும் விடத்தலையையும் வெட்டிக் காடு திருத்துனது, சமஸ்தானத்துக்குத் தீர்வை கட்டுனது எல்லாம். 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பெறகுதான் பட்டாவே தாத்தா பேருக்கு ஆச்சு.

நான் இந்தக் கதைல பாதிய ஏத்திச் சொல்றதுன்னுதான் நெனச்சிருந்தேன். "கேளுப்பு, நீ வராத வருசம்"னு பெரியப்பா சொன்னாரு. பீடத்தக் கட்டிக் குடுக்கறதுக்காக பழைய கல்ல எடுத்துத் தோண்டிருக்காங்க. சுத்தி எங்க தோண்டுனாலும் வெள்ள மணலு. கல்லுக்கு நேர் கீழ மட்டும், கைப்பிடி அளவு, கருப்பா ஒரு கட்டி. கரிச மண்ணு. கடப்பாரைய வச்சிருந்த கொத்தனாரு அதுக்கு மேல தோண்ட மாட்டேன்னுட்டாராம். தண்ணியத் தெளிச்சு, அப்படியே மூடிட்டு மேல கட்டிட்டாங்க. இனிமே மாட்டுக் கதையயும் நம்பித்தான் ஆகணும் போலருக்கு.

பூட்டன் திருத்துன காட்டுல இப்ப முக்கால்வாசி சீமக்கருவேலம். ஒரே ஒரு அண்ணன்தான் புரட்டாசில புழுதில நெல்ல வெதச்சுட்டு வானத்தப் பாக்குறாரு, கொஞ்சம் மிளகா போடுறாரு. மத்தவுக எல்லாம் என்னய மாதிரி வருசத்துக்கு ஒருநாள் வர்றவுக.

நான் தாம்பரத்துல ஃபிளாட் வாங்கிருக்கேன், அடுத்த வருசம் அங்க போறோம், ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போகட்டுமான்னு மெதுவாக் கேட்டேன். "எத்தனாவது மாடி?"ன்னாரு. நாலுன்னேன். "சாமிக்கு வெயில் மழை படணும்ப்பு, கீழ மண்ணு வேணும். அங்க ரெண்டும் இல்லயே"ன்னுட்டு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு பூசைக்கு எந்திரிச்சுட்டாரு.

விடிஞ்சு கெளம்புறப்ப அம்மாவக் காணோம். ஊத்துல உக்காந்திருந்துச்சு. ஒரு செரட்டத் தண்ணி மோந்தா மணலு வழியா மறுபடி ஊற கொஞ்ச நேரம் ஆகுது, கலங்காம மோக்கணும். ரெண்டு லிட்டரு பாட்டில்ல கழுத்து வரைக்கும் வந்திருந்துச்சு. "இத யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல"ன்னு கேட்டுட்டே இன்னொரு செரட்ட மோந்துச்சு.