முன் ஃபோர்க் ஸ்பிரிங் தேடல்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

வளசரவாக்கத்திலிருந்து வடபழனி வரை ஆற்காடு சாலையின் நடுவே மெட்ரோவுக்குப் பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. தோண்டி மூடிய இடமெல்லாம் மேடு, இல்லாவிட்டால் பள்ளம். சில இடங்களில் இரும்புத் தகடு. சும்மா தகட்டில் ஏறினால் ஒன்றும் தெரியாது. பிரேக் பிடித்தபடி ஏறினால் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங் உள்ள இரட்டைக் குழாய்) அடிவரை போய் ஹேண்டில்பாரில் 'டங்' என்று அடிக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முன்பக்கம் ஒரேயடியாகக் குனிந்து, பின்னால் இருக்கும் என் மனைவியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடிக்கிறது.

வண்டி 650 சிசி பைக். முன்னால் 41 மி.மீ. சாதா டெலஸ்கோபிக் ஃபோர்க், 110 மி.மீ. ஓட்டம், அதாவது அவ்வளவு தூரம்தான் அமுங்கும். வெளியிலிருந்து திருகிச் சரிபண்ண ஒன்றும் கிடையாது. ஜாக்கெட், ஷூவெல்லாம் சேர்த்து நான் 92 கிலோ. எல்லா எடைக்கும் ஒரே ஸ்பிரிங் எந்த வண்டியிலும் பொருந்தாது. சரி, மாற்றிவிடலாம். ஆனால் எவ்வளவு கடினமான ஸ்பிரிங் என்று தெரியாமல் கடைக்குப் போகப்போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலேயே டேப்பும் கையுமாக உட்கார்ந்தாச்சு. எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஃபோர்க் முழுசாக நீளும். அப்போது டஸ்ட் சீலிலிருந்து (தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) குழாயைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப் வரை பளபளவென்று தெரியும் குழாயின் நீளம்தான் ஆரம்பக் கணக்கு. அப்புறம் வண்டியை அதன் சொந்த எடையில் நிறுத்தி ஒரு தடவை, நான் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை. மூன்றாவது அளவுக்கு மனைவி டேப் பிடித்தாள்.

ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சீலும் புஷ்ஷும் குழாயைப் பிடித்துக்கொள்வதால் ஃபோர்க் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவாக விட்டு இன்னொரு அளவு என்று எடுத்து, நடுவில் வருவதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் 9 மி.மீ. வித்தியாசம் வந்தது.

வண்டி மட்டும் 24 மி.மீ. இறங்குகிறது. நான் ஏறினால் 44. அதாவது மொத்த ஓட்டத்தில் 40 சதவீதத்தை உட்காரும்போதே தின்றாகிவிட்டது. ரோட்டு வண்டிக்கு முன்னால் 30 முதல் 35 சதவீதம் நல்லது என்பது பொதுவான கணக்கு. 36 மி.மீ. வந்தால் எனக்குப் போதும்.

ஜூன் 12, புதன்

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் அளவைக் காட்டினேன். "எதுக்குத் தம்பி புது ஸ்பிரிங்? மேல ஒரு பைப் துண்டு வெச்சா ஏறிடும்" என்றார்.

8 மி.மீ. துண்டு வைத்தால் 44 இறங்கியது 36-தான் இறங்கும், உண்மை. ஆனால் அது வண்டியின் உயரத்தை ஏற்றுமே தவிர ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. ப்ரீலோடு (மாட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் அளவு) வேறு, கடினம் வேறு. இந்த ஒன்று தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் நானும் சேர்ந்து கிட்டத்தட்ட 290 கிலோ. பலமாகப் பிரேக் பிடித்தால் முன்னால் கூடுதலாக 75 கிலோ போல வந்து விழும். இப்போதைய ஸ்பிரிங்கில் அதற்கே ஏறக்குறைய 48 மி.மீ. போகும். 44-உம் 48-உம் 92. மிச்சம் 18 மி.மீ. அந்த நேரம் பார்த்து இரும்புத் தகடு வந்தால் 'டங்' தான். துண்டு வைத்தால் 84-இல் நிற்கும், ஆனால் குனியும் தூரம் அதே 48.

மனைவி உட்காருவதால் முன்னால் எடை ரொம்பக் கூடுவதில்லை. பின் சீட்டு பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவள் எடையில் பெரும்பகுதி பின் ஷாக்குக்குத்தான். பிரேக் பிடிக்கும்போதுதான் அவளுடைய பங்கும் முன்னால் வருகிறது. ஆகவே முன் ஸ்பிரிங்கை ஓட்டுபவரின் எடையையும் பிரேக்கையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மதியம் முழுக்க. ஒரு கடையில் ப்ரோகிரசிவ் ஸ்பிரிங் எடுத்து வைத்தார்கள். ஒரு பக்கம் சுருள் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளி விட்டும் இருக்கும். ஆரம்பத்தில் மெதுவாக அமுங்கும், நெருக்கமான சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகு கடினமாகும். "எல்லா 650-க்கும் இதான் சார் போகுது" என்றார் கடைக்காரர். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன். பெட்டியிலும் இல்லை, அவருக்கும் தெரியவில்லை. எண் தெரியாத ஸ்பிரிங்கை நான் வாங்க மாட்டேன்.

ப்ரோகிரசிவ் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஹைப்பர்ப்ரோ கம்பெனி அதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது, நெடுந்தூரம் போகிற பலருக்கு அது பிடிக்கும். என் சிக்கல் பிரேக் பிடிக்கும்போது குனிவது. மெத்தென்ற அந்த முதல் பகுதியைத் தாண்டித்தான் அது பிடிமானம் தரும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கடினம் உள்ள லீனியர் ஸ்பிரிங்தான் எனக்கு வேண்டும். டேம்பிங்கும் (துள்ளலை அடக்கும் ஆயிலின் தடை) ஒரே கடினத்துக்குத்தான் சுலபமாக ஒத்துப்போகும்.

ஜூன் 19, புதன்

நண்பனின் லேத் பட்டறை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. பழைய ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். டிரில்லிங் மெஷின் மேஜையில் டிஜிட்டல் எடை மெஷினை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, சக்கில் மாட்டிய கட்டையால் அமுக்கினோம். 50 மி.மீ. அமுக்கியபோது 36 கிலோ காட்டியது. மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் சொச்சம், கிலோக் கணக்கில் 0.72. ஃபோர்க்கின் ஒரு காலுக்கு (ஒரு குழாய்க்கு) இது, இரண்டு காலுக்கு இரட்டிப்பு.

வெர்னியர் வைத்துப் பார்த்தால் கம்பி 4.5 மி.மீ. ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 4.5 மி.மீ. கம்பி 4.7 ஆனால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், 19 சதவீதம் கூடிவிடும். அந்த 0.2 மி.மீ. கண்ணுக்கே தெரியாது! பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கை நம்பி வாங்கக்கூடாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நண்பன், "நாலு சுத்து வெட்டிடலாமா?" என்றான். இதிலும் கணக்கு இருக்கிறது. வேலை செய்யும் சுருள் 22 என்றால், 4 போனால் 7 என்பது 8.5 ஆகும். புதுப்பேட்டையில் காலங்காலமாக இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் வெட்டிய முனையைத் தட்டையாகச் சாணை பிடிக்க வேண்டும், முழுசாக அமுங்கும் முன்பே சுருள்கள் ஒட்டிக்கொள்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஆபத்து. நான் வெட்டவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

முடிவு: மில்லிமீட்டருக்கு 8.5 நியூட்டன், லீனியர். 9.5-உம் பார்த்தேன். பிரேக்கில் இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் நான் தினமும் போவது ரேஸ் டிராக்கில் இல்லை, ஆற்காடு சாலையில். 8.5 போட்டால் பிரேக்கில் கூடுதலாக 39 மி.மீ. போகும், 36-உடன் சேர்த்து 75. பள்ளத்துக்கு 35 மி.மீ. மிச்சம். ஆர்டர் போட்டாச்சு.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணனின் பட்டறையில் மாட்டினோம். ஃபோர்க்கின் மேல் மூடியைக் கடைசி மரை வரும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் முகத்துக்கு வரும். பழைய ஆயில் சாம்பல் நிறத்தில், கலக்கி ஊற்றிய சேறு மாதிரி வந்தது.

புது ஸ்பிரிங் பழையதைவிடக் குட்டை. அதனால் மேலே வைக்கும் குழாயை 22 மி.மீ. ப்ரீலோடு வருமாறு வெட்டினோம். ஆயில் மட்டம் அளப்பதில் அண்ணனுக்குக் கை தேர்ந்திருக்கிறது: ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை. மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் கூடினால் காற்றின் இடம் குறைந்து கடைசி ஓட்டம் இறுகும். இரண்டு காலிலும் ஒரே மட்டம் வைத்தோம்.

மாலையில் அளந்தேன். வண்டி மட்டும் 19, நான் ஏறினால் 36.

ஜூலை 6, சனி

விடியற்காலை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை). ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை இறுக்கியிருந்தேன், சீல் எதுவரை வந்ததோ அதுவரை தள்ளி வைத்துவிடும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை சாதாரணமாக ஓட்டியதில் அது 80 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. கோவளம் தாண்டி, பின்னால் யாரும் வராத இடம் பார்த்து, வேண்டுமென்றே பலமாகப் பிடித்தேன். 94. அடிக்கவில்லை. எப்போதுமே 70-க்குள் நின்றால் ஸ்பிரிங் அதிகக் கடினம் என்று அர்த்தம். 94 எனக்குத் திருப்தி.

ஒரு குறை மட்டும். அடுத்தடுத்து வரும் வெள்ளைக்கோடு வேகத்தடைகளில் முன்பக்கம் துள்ளுகிறது. கடினமான ஸ்பிரிங் வேகமாகத் திரும்பும். பழைய தடிமனுள்ள 10 ஆயில் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆயிலை ஒரு படி கெட்டியாக மாற்றினோம். டப்பாவில் போட்டிருக்கும் 10, 15 என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மைக்கான அளவு) என்ற விவரத்தைத் தேடிப் பார்த்து வாங்கினேன். அதற்கு மேல் கெட்டியாக்கவில்லை. இந்த வகை ஃபோர்க்கில் ஆயில் சின்னத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். ரொம்பக் கெட்டியானால் கூர்மையான பள்ளத்தில் மணிக்கட்டு வலிக்கும். துள்ளல் நின்றுவிட்டது.

முன்பக்கம் 8 மி.மீ. உயர்ந்ததால் திருப்பும்போது ஹேண்டில் கொஞ்சம் கனக்கிறது. அடுத்த வாரம் கிளாம்பைத் தளர்த்தி, குழாய்களை இரண்டு பக்கமும் சமமாக 5 மி.மீ. மேலே ஏற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கப்போகிறேன்.