குழந்தை பொறந்தப்புறம்தான் டூட்டியே ஆரம்பிக்குது

லேபர் வார்டுல, அதாவது பிரசவ வார்டுல, நர்ஸ் போஸ்டிங்னு சொன்னா போதும், ஊர்ல எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "ஐயோ அவ்ளோ ரத்தத்த பாத்தா மயக்கம் வராதா கண்ணு?". ரத்தம்லாம் காலேஜ்லயே பழகிடுச்சுங்க, அது பிரச்சனையே இல்ல. பயம் வேற இடத்துல இருக்கு, அத பத்திதான் எழுதலாம்னு உக்காந்தேன். நான் தர்மபுரி மாவட்டத்துல காரிமங்கலம் பக்கம், வேலை கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பேரு வேணாம்.

படிக்கும்போது எப்படின்னா, டேபிள சுத்தி ஸ்டூடன்ட்ஸ் கூட்டமா நிப்போம், தலை தெரியுதுன்னு சத்தம் கேட்டா ஓடிவருவோம், குழந்தை அழுததும் லாக் புக்க எடுத்துட்டு கையெழுத்துக்கு ஓடுவோம். அதனால பிரசவம்னாலே அந்த கடைசி பத்து நிமிஷம்தான்னு மனசுல பதிஞ்சு போச்சு. வேலைக்கு வந்தப்புறம்தான் புரியுது, அந்த பத்து நிமிஷத்துல பாதி வேலைய அந்தம்மாவே பாத்துக்குறாங்க. நர்ஸுக்கு வேலை அதுக்கு முன்னாடி போற மணிக்கணக்கான நேரத்துலயும், அப்புறம் வர்ற ரெண்டு மணி நேரத்துலயும்தான்.

முன்னாடி இருக்குறது முழுக்க காத்திருக்கிற வேலை, ஆனா சும்மா காத்திருக்க முடியாது. கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்ததும் பார்ட்டோகிராஃப், அதாவது பிரசவம் எப்படி முன்னேறுதுன்னு காட்டுற சார்ட், போட ஆரம்பிக்கணும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும்னு உஷார் பண்ற அலர்ட் லைன், அதுக்கு நாலு மணி நேரம் தள்ளி, உடனே ஏதாவது செய்யணும்னு சொல்ற ஆக்ஷன் லைன். 2020ல உலக சுகாதார நிறுவனம் புதுசா லேபர் கேர் கைடுன்னு ஒண்ணு விட்டுச்சு, அதுல ஆக்டிவ் ஃபேஸே, அதாவது வலி வேகமெடுக்கிற கட்டமே, அஞ்சு சென்டிமீட்டர்லதான் ஆரம்பிக்குதுன்னு இருக்கு, எங்க கேஸ் ஷீட்ல இருக்கிறது இன்னும் பழைய சார்ட்தான். எந்த சார்ட்டா இருந்தாலும் பிரசவம் ஆனப்புறம் உக்காந்து மொத்தமா புள்ளி வச்சு கோடு போட்டா அது படம் வரைஞ்ச மாதிரிதான், ஆளை காப்பாத்தாது. அந்தந்த நேரத்துக்கு போட்டாதான் கோடு வலது பக்கம் சாயுறது கண்ணுல படும், டாக்டரை கூப்பிட நேரமும் இருக்கும்.

அரை மணிக்கு ஒரு தடவ குழந்தையோட ஹார்ட் ரேட் கேக்கணும், 110லேந்து 160க்குள்ள இருக்கணும். இத எல்லாரும் மனப்பாடமா சொல்லுவோம். எங்க சீனியர் அக்கா சொல்லிக்குடுத்தது என்னன்னா, டாப்ளர (குழந்தையோட இதயத்துடிப்ப கேக்குற கருவி) வயித்துல வச்சுட்டே இன்னொரு கையில அம்மாவோட நாடிய புடி, ரெண்டும் ஒண்ணா ஓடுச்சுன்னா நீ கேக்கறது குழந்தை இல்ல, அம்மா. வலியில பயத்துல அம்மாவுக்கே நாடி 120க்கு மேல போகும்ல, டாப்ளர்ல அத கேட்டுட்டு குழந்தை நல்லா இருக்குன்னு எழுதிட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அப்புறம் வலி வந்து விடுற நேரத்துல, அது விட்ட உடனே ஒரு முழு நிமிஷம் கேக்கணும், குழந்தைக்கு கஷ்டம்னா அங்கதான் ரேட் இறங்கி மெதுவா ஏறும். ராத்திரி மூணு மணிக்கு, நாலு பேர் ஒரே நேரத்துல வலியில இருக்கும்போது, முழு நிமிஷம் நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு நின்னு பாத்தவங்களுக்குதான் தெரியும்.

நான் வேலை பாக்குற மாவட்டத்துக்குன்னு சில விஷயம் இருக்கு. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கத்துலேந்து வர்றவங்க தெலுங்கு பேசுவாங்க, கன்னடம் பேசுவாங்க, ஓசூர் கம்பெனில வேலை பாக்குற வடமாநிலத்து குடும்பங்க இந்தி, ஒடியா பேசும். வலி ஏறுனதும் அதுவரைக்கும் நல்லா தமிழ் பேசுனவங்க கூட சொந்த பாஷைக்கு போயிடுவாங்க. அஞ்செட்டி பக்கம் காட்டு ரோட்ல யானை நிக்குதுன்னு 108 வண்டி நிக்கிறதும், வழியிலேயே பிரசவம் ஆகி நஞ்சுக்கொடி மட்டும் எங்க டேபிள்ல வர்றதும் உண்டு. அந்த ரோட்டுல, அந்த இருட்டுல, ஆடுற வண்டிக்குள்ள பிரசவம் பாக்குற 108 டெக்னீஷியனுங்களுக்கு ஒரு கும்புடு.

இன்னொண்ணு வயசு. ஆதார்ல ஒரு வயசு இருக்கும், மூஞ்சிய பாத்தா பத்தாங்கிளாஸ் புள்ள மாதிரி இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சின்ன வயசு கல்யாணம் இன்னும் நடக்குதுங்கிறது யாருக்கும் புதுசில்ல. பதினெட்டுக்கு கீழனா போக்சோ சட்டப்படி (குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேந்து காக்குற சட்டம்) போலீஸுக்கு தகவல் சொல்லியே ஆகணும், "கூட்டிட்டு வந்ததே நம்பிக்கையிலதானே சிஸ்டர், எங்களை மாட்டி விட்டுறாதீங்க"ன்னு அந்த பொண்ணோட அம்மா கைய புடிச்சு அழும். சட்டம் சரிதான், நான் மாத்தி சொல்லல. ஆனா அதுக்கு பயந்து வீட்லயே பிரசவம் பாத்துட்டு, உதிரம் கொட்டுனப்புறம் கூட்டிட்டு வர்றவங்கள நெனச்சா அடிவயிறு கலங்குது.

திட்டுற விஷயத்தையும் சொல்லிடறேன். சில எடத்துல, எங்கன்னு சொல்ல மாட்டேன், வலியில கத்துறவங்கள திட்டுனாதான் ஒழுங்கா முக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கு. காது குடுத்து கேக்க முடியாத பேச்சுலாம் வரும். 2017 கடைசில லேபர் ரூம்கள சீர்படுத்த மத்திய அரசோட லக்ஷ்யா திட்டம் வந்துச்சு, மரியாதையா நடத்தணும்னு அதுலயே இருக்கு, போஸ்டர் சுவத்துல ஒட்டியாச்சு, அதுக்கு கீழயே திட்டும் நடக்கும். எனக்கு தெரிஞ்சு கூட துணைக்கு ஒரு பொம்பளையாள உள்ள விட்டா இந்த பிரச்சனை பாதி குறையுது. அந்தம்மா முதுகு நீவி விடும், தண்ணி குடுக்கும், முக்கியமா அவங்க அம்மா பக்கத்துல நிக்கும்போது யாருக்கும் அப்படி பேச வாய் வராது.

சரி, குழந்தை வந்துடுச்சு. எல்லார் கண்ணும் குழந்தைக்கு சூடு குடுக்குற வார்மர் பக்கம் போகும், அழுதுச்சா, அப்கார் (பொறந்த குழந்தையோட நிலைமைக்கு போடுற மார்க்) எவ்ளோ, என்ன எடை. குழந்தைய அம்மாகிட்ட காட்டி "என்ன குழந்தைன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு கேப்போம், அவங்க வாயால சொல்லணும், கேஸ் ஷீட்ல காலடி ரேகை எடுக்கணும், குழந்தை மாறிப்போச்சுன்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல. பொண்ணுன்னு சொல்லும்போது சில பேர் குரல் உள்ள போயிடும், கதவுக்கு வெளிய மாமியார் மூஞ்சி அதுக்கு மேல. பொண் குழந்தைய கொல்லாம அரசு தொட்டில்ல விட்டுட்டு போங்கன்னு 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்த அப்புறம் எங்க தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டி வந்துச்சு, அந்த காலத்த எங்க பாட்டி பேசவே பேசாது. இப்ப அந்த அளவுக்கு இல்ல, நிறைய அப்பாங்க பொண்ண வாங்கிட்டு சிரிக்கிறத பாக்குறேன், ஆனா ரெண்டாவதும் பொண்ணுன்னா வராண்டா அமைதியாகிறது இன்னும் நிக்கல.

இந்த கூத்துல எல்லாம் யார் கண்ணும் படாம ஒருத்தி டேபிள்ல படுத்துட்டு இருப்பா. அங்கதான் என் பயம். குழந்தை வந்த ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ள இன்னொரு குழந்தை இல்லன்னு பாத்துட்டு கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசின் ஊசி பத்து யூனிட் தொடையில போடணும், நஞ்சு முழுசா வந்துச்சான்னு திருப்பி திருப்பி பாக்கணும், அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு கால் மணிக்கு ஒரு தடவ பல்ஸ், பி.பி., கர்ப்பப்பை, உதிரப்போக்கு. சீனியர் அக்கா என் கைய எடுத்து ஒரு அம்மாவோட தொப்புளுக்கு கீழ வச்சு அழுத்தி காட்டுனாங்க: "இப்படி பச்ச மாங்கா மாதிரி கெட்டியா இருக்கணும், கை உள்ள அமுங்குச்சுனா மசாஜ் பண்ணிட்டே சத்தம் போடு, ஆள விட்டுட்டு டாக்டர தேடி ஓடாத."

அடுத்தது அவங்க செஞ்சதுதான் எந்த கிளாஸ்லயும் எனக்கு யாரும் காட்டாதது. பேட்ல ரத்தம் கொஞ்சமாதான் இருந்துச்சு, நான் நார்மல்னு எழுத பேனாவ எடுத்தேன், அக்கா அந்தம்மாவ லேசா ஒருக்களிச்சு படுக்கச் சொல்லி இடுப்புக்கு அடியில கைய விட்டாங்க. அடியில விரிச்ச மேக்கின்டாஷ் ரப்பர் ஷீட் குழியில, முதுகு பக்கமா ரத்தம் தேங்கி நின்னுச்சு. அதிகமில்ல, ஆனா மேலேந்து பாத்தா தெரிஞ்சே இருக்காது. கர்ப்பப்பையும் மேல ஏறி ஒரு பக்கமா ஒதுங்கி இருந்துச்சு, மூத்திரப்பை ரொம்பி அத தள்ளிருக்கு. கதீட்டர்ங்கிற டியூப் போட்டு மூத்திரத்த காலி பண்ணதும் கர்ப்பப்பை கெட்டியாச்சு, ரத்தம் நின்னுச்சு. அவ்ளோதான். மருந்து கூட இல்ல.

அது நிக்கலன்னா கதை வேற. ரத்தம் 500 மில்லி தாண்டுனா பி.பி.ஹெச்., அதாவது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற அதிக உதிரப்போக்கு; உடனே ஐ.வி. லைன், ஆக்ஸிடோசின் டிரிப், ரத்தப்போக்க குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், அதுவும் பிரசவம் ஆன மூணு மணி நேரத்துக்குள்ள. ஆக்ஸிடோசின் ரெண்டுலேந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும், ஏப்ரல் மாச கிருஷ்ணகிரி வெயில்ல டிரேலயே நாள் முழுக்க கெடந்த ஆம்பூல நம்பி நிக்க முடியாது. அதனால டூட்டிக்கு வந்ததும் நான் மொதல்ல பாக்குறது ஃப்ரிட்ஜ், அப்புறம் எமர்ஜென்சி டிரே, வலிப்புக்கு போடுற மெக்னீசியம் சல்பேட் பக்கத்துல அதுக்கு மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் இருக்கான்னு. அப்புறம்தான் ஹேண்டோவர் புக்.

புதுசா சேரப்போறவங்களுக்கு: செகண்ட் முள் இருக்கிற வாட்ச் கட்டுங்க, மூடின செருப்பு போடுங்க, டூட்டிக்கு முன்னாடி சாப்ட்டுட்டு போங்க, களி தின்னுட்டு போனா மத்தியானம் வரைக்கும் தாங்கும், நான் கியாரண்டி. தையல் பத்தி கேட்டு நாலு பேர் மெசேஜ் பண்ணிருந்தீங்க, எபிசியோட்டமி (குழந்தை வர்ற வழிய கொஞ்சம் வெட்டி பெருசாக்குறது) யாருக்கு வேணும் யாருக்கு வேணாம்ங்கிறதே பெரிய பஞ்சாயத்து, எல்லா மொத பிரசவத்துக்கும் போடக்கூடாதுன்னு மட்டும் இப்ப சொல்லி வைக்கிறேன். தனியா எழுதறேன், இந்த வாரம் முழுக்க நைட்.