வல்லை வெளியில் நின்ற கார்

அம்மாவோடு செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்தின் வல்லை வெளியின் நடுவில் கார் நின்றது. புகை இல்லை, திணறலும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அப்படியே அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்புத்தரையும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பொனற்றைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் நின்றேன். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்ராட் ஆனது. “முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்தாமல் வந்திட்டம்” என்றார் அம்மா. வல்லை வெளியில் இருக்கும் முனியப்பர் கோயிலைத்தான் சொன்னார்.

அந்த அலைச்சல் முடிய ஐந்து மாதம் ஆனது. பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார் 2000ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு, பெற்றோல், கியர் வண்டி. அப்பா வாங்கியது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவது எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. அதனால் திருத்தியே ஆகவேண்டும்.

முதலில், காரின் கணினி பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளைக் கைப்பேசியில் காட்டுகிற சின்ன ஈஎல்எம் 327 கருவி ஒன்று வாங்கினேன். காரில் அதைச் செருகுகிற 16 பின் துளை இருந்தது, ஆனால் கருவி இணையவே இல்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பழைய கார்கள் பலவற்றில் துளையின் வடிவம் பொருந்தும், உள்ளே பேசுகிற மொழி வேறாக இருக்கும். பிறகு ஒரு கராச்சில் பெரிய ஸ்கானர் போட்டுப் பார்த்தபோது பி 0335 என்ற குறியீடு வந்தது. கிராங்க் சென்சர், அதாவது எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்கிற பாகம். மாற்றினோம். பழைய பாகங்கள் விற்கிற கடையில் 9,500 ரூபா. மூன்று கிழமை நன்றாக ஓடியது. பிறகு கோப்பாயில் நின்றது. கடையில் கொடுத்ததே பழுதாக இருக்கும் என்று இரண்டாவது சென்சர் போட்டோம். அடுத்தது பெற்றோல் பம்புக்குக் கரண்ட் விடுகிற சுவிச், ரிலே. வெப்பநிலை முள் இடைக்கிடை ஏறுகிறது என்று தெர்மோஸ்டாற்றையும் மாற்றினோம். எதை மாற்றினாலும் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அதுதான் எங்களை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. வந்து வந்து போகிற பழுதில் “இப்போது நன்றாக ஓடுகிறது” என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இது எனக்குப் புரிய நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது.

சுண்ணாகத்தில் கார் வயரிங் வேலை செய்யும் ஒரு ஐயாவிடம் அத்தான் கூட்டிக்கொண்டு போனார். எழுபதைத் தாண்டியவர். நான் மாற்றிய பாகங்களின் பட்டியலை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, சென்சரை மாத்தினனீங்கள் சரி. சென்சருக்குப் போற வயரைப் பாத்தனீங்களோ?”

பார்க்கவில்லை. நான் மட்டுமில்லை, யாருமே பார்க்கவில்லை. பி 0335 என்பது சென்சர் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. அந்தச் சென்சரின் சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் சென்சர், கனெக்டர், மூன்று வயர்கள், எர்த் (கரண்ட் பற்றறிக்குத் திரும்பும் வழி), கடைசியில் காரின் கணினி. அதில் ஒன்றை மட்டும் இரண்டு தரம் வாங்கியிருக்கிறேன்.

ஐயா தொழில் பழகியது போரின்போது வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். பெற்றோல் வராமல் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். பற்றறியும் வராது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். புதுப் பாகம் என்ற பேச்சே இல்லாதபோது, இருப்பதில் எது கெட்டது என்று அளந்து கண்டுபிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. அவர் கையில் இருந்த கருவிகளும் அதற்கேற்றவைதான்: ஒரு மல்ரிமீற்றர், இரண்டு நீள வயர், பிரேக் விளக்கின் 21 வாற் பல்ப் ஒன்று.

முதல் வேலையாக என்னைத் திருப்பி அனுப்பினார். கைப்பேசியை மீற்றர் பலகைக்கு முன்னால் கட்டி, வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு கார் நிற்கும்வரை ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு தரமும் வெயிலா மழையா, ஏசி போட்டதா, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது, குழியில் விழுந்ததா என்று கொப்பியில் எழுதவும் சொன்னார். நாலு நாள் குருநகருக்கும் நெல்லியடிக்குமாக ஓடினேன். ஐந்தாம் நாள் மதியம் புத்தூரில் ஒரு குழியில் ஏறி இறங்கியதும் நின்றது. வீடியோவில் அது தெளிவாகத் தெரிந்தது. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, சில்லு எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஒரே வெட்டில் பூச்சியத்துக்கு விழுகிறது. பெற்றோல் வராமல் நின்றிருந்தால் எஞ்சினின் வேகத்தோடு முள்ளும் மெல்லத்தான் இறங்கியிருக்கும். ஆக, பம்பும் ரிலேயும் குற்றவாளிகள் இல்லை. கிராங்க் சென்சரின் சிக்னல்தான் வெட்டுப்படுகிறது.

அதே வீடியோவில் அவர் இன்னொன்றையும் பிடித்தார். நான் ஹெட்லைற் போட்ட நேரத்தில் வெப்பநிலை முள் கொஞ்சம் ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது. தண்ணீர் அந்த வேகத்தில் சூடாகி ஆறாது. “இது எர்த்” என்றார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நெகற்றிவ் கம்பத்திலும் மற்றதைக் காரின் உடலிலும் வைத்து, ஹெட்லைற்றையும் ஏசி விசிறியையும் போடச் சொன்னார். 0.1 வோல்ற்றுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் 0.9 காட்டியது. பற்றறியிலிருந்து உடலுக்குப் போகும் வயரின் உறையை வெட்டிப் பார்த்தால் கிளிப்புக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடலோரத்தில் இருபது வருடம் நின்ற காரல்லவா, வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. 1,200 ரூபாவுக்குப் புது வயர். போல்ற் இறங்கும் இடத்தின் பெயின்றைச் சுரண்டி, இறுக்கி, மேலே வசலீன் பூசினார். அளவு 0.04க்கு வந்தது, முள்ளும் அசையாமல் நின்றது.

நான் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. எர்த் கெட்டதால் முள் ஆடியது, ஆனால் குழியில் விழுந்ததும் ஆர்பிஎம் வெட்டுப்படுவதற்கு அது காரணமாகாது என்றார். இரண்டு பழுது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

அடுத்து, பற்றறியைக் கழற்றி, கணினிப் பக்கத்துக் கனெக்டரையும் சென்சர் பக்கத்துக் கனெக்டரையும் பிரித்தார். மல்ரிமீற்றரை ஓமில், அதாவது தடையை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்தபோது மூன்று வயரும் சரி என்றே காட்டியது. ஒரு வயரில் ஒரேயொரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் காட்டும். அதனால் தனியாக ஒரு பற்றறியும் அந்த 21 வாற் பல்ப்பும் வைத்து ஒவ்வொரு வயருக்குள்ளாலும் கரண்ட் விட்டார். பல்ப் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும், மெலிந்துபோன வயர் அதைத் தாங்காது. இரண்டு வயரில் பல்ப் பளிச்சென்று எரிந்தது, சிக்னல் வயரில் மங்கியது. வயர்க்கட்டைக் கையால் ஆட்டிக்கொண்டே போக, கியர்பெட்டிக்கு மேலே ஓரிடத்தில் பல்ப் அணைந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து மாதம் தேடியது அந்த நாலு அங்குலத்துக்குள் இருந்தது. (கணினியைக் கழற்றாமல் இதைச் செய்து பார்க்கவேண்டாம், கணினி போய்விடும்.)

ரேப்பைப் பிரித்தால், எப்போதோ கியர்பெட்டி இறக்கியபோது யாரோ வயரை முறுக்கி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஈயம் வைக்கவில்லை. மூன்றே இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன, மற்றவை களிம்பாகிப் பொடியாக உதிர்ந்தன. சூடேறினால் விலகும், ஆறினால் தொடும். வல்லையில் பத்து நிமிடத்தில் ஸ்ராட் ஆனதன் கதை அதுதான். ஐயா செம்பு மினுங்கும் இடம்வரை வெட்டி, அதே தடிப்பில் புது வயர் வைத்து ஈயத்தால் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, எஞ்சின் ஆடும்போது இழுபடாமல் கொஞ்சம் தளர்வாகக் கட்டினார். வயரின் உறையில் ஊசி குத்தி அளக்க அவர் ஒருதரம்கூட விடவில்லை, கனெக்டரின் பின்பக்கத்தால்தான் முனையை நுழைத்தார். எங்கள் உப்புக்காற்றுக்கு அந்த ஊசித்துளை போதும் என்றார்.

கூலி 6,000 ரூபா கேட்டார். நான் கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

இப்போது எட்டு மாதமாகிறது, கார் ஒருநாளும் நிற்கவில்லை. போன வெள்ளி சந்நிதிக்குப் போகும்போது அம்மா வல்லையில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தி, கற்பூரம் கொளுத்திவிட்டு, ஒரே திருப்பில் ஸ்ராட் செய்துகொண்டு போனோம். மாரி மழைக்கு, பிரேக்கில் சில்லு பூட்டாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு மட்டும் எப்போதாவது எரிகிறது. இந்த முறை நான் எதுவும் வாங்கவில்லை. எந்தெந்த நாளில், எந்த வெள்ளத்துக்குள் இறங்கிய பிறகு எரிந்தது என்று கொப்பியில் இரண்டு பக்கம் சேர்ந்திருக்கிறது. தை பிறந்ததும் அதை எடுத்துக்கொண்டு சுண்ணாகம் போவேன்.