பதினொரு முறை விசில் ஊதி ஃபெயிலான கதை: என் ஏஎஃப்சி ‘சி’ அனுபவம்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன், ஏழெட்டு வருஷமாக. சம்பளம் கிடையாது, சில அம்மாக்கள் கொடுக்கும் மைலோவும் கறிபஃப்பும்தான். போன வருஷம் புதிதாக ஒரு பையனைச் சேர்க்க வந்த அப்பா, “அண்ணே, உங்ககிட்ட லைசன்ஸ் இருக்கா?” என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, நீச்சல் வகுப்பில் சேர்க்கும்போது நானும் கேட்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் சமூக மன்ற அணிக்கு ஆடியவன், எனக்கென்ன லைசன்ஸ் என்ற திமிர்தான், வேறென்ன.

சரி, ஏஎஃப்சி, அதாவது ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு, தரும் பயிற்சியாளர் லைசன்ஸை எடுத்துவிடுவோம் என்று விசாரித்தால் அது ஒரு ஏணி. டி, சி, பி, ஏ, அதற்கு மேலே ப்ரோ. மேலே போகிறவர்களும் ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். டி என்பது சின்னப் பிள்ளைகளுக்கானது, சில நாளில் முடிந்துவிட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சி-தான் நிஜமான பள்ளிக்கூடம்.

அதுவரை ஏஎஃப்சி என்றால் எனக்கு சாம்பியன்ஸ் லீக், குலுக்கல், கோட் போட்ட பெரியவர்கள், அவ்வளவுதான். எங்கள் வகுப்பை நடத்தியது சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம், ஆனால் பாடத்திட்டம் ஏஎஃப்சியுடையது, சான்றிதழில் இருப்பதும் அந்த முத்திரைதான். ஜப்பான் முதல் லெபனான் வரை 47 உறுப்புச் சங்கங்கள். பரப்பு பெரிது என்பதால் தென்கிழக்கு, கிழக்கு, தெற்கு, மத்திய, மேற்கு என்று ஐந்து வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அவர்களே வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா? அந்தந்த நாட்டுச் சங்கத்தின் கையில் வகுப்பைக் கொடுத்து, தரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். திருச்சியில் என் அத்தை மகன் பள்ளிப் பையன்களுக்குக் கோச், அவன் ஏற்கனவே சி வைத்திருக்கிறான். போன் போட்டேன். “மச்சான், இதே ஏணிதான்டா எங்களுக்கும், முட்டியப் பார்த்துக்கோ” என்றான். முட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. வகுப்பில் இருபத்துச் சொச்சம் பேர். சிங்கப்பூரின் தொழில்முறை லீக்கான எஸ்-லீக்கில் முன்பு ஆடியவர்கள் இரண்டு மூன்று பேர், பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள், ஒரு டாக்சி ஓட்டுநர், நான். ஒருவர் பயிற்சி நடத்தும்போது மற்றவர்கள்தான் ஆட்டக்காரர்கள். அதாவது நாற்பத்து நான்கு வயதில் மத்தியானம் இரண்டு மணி வெயிலில், இருபத்தைந்து வயது ஆளை மார்க் செய்து ஓட வேண்டும். மூன்றாம் நாள் கோப்பிக்கடையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரர், எல்லோரும் ‘பாங்’ என்று கூப்பிடும் மனிதர், பேசாமல் தன் பையிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டினார்.

இடைவேளைப் பேச்சில்தான் எனக்குத் தெரியாத பல விஷயங்கள் வந்தன. 1954-ல் மணிலாவில் இந்தக் கூட்டமைப்பு தொடங்கியபோது சேர்ந்த 12-ல் சிங்கப்பூரும் ஒன்று, அப்போது நாம் தனி நாடுகூட இல்லை. 1978-லிருந்து 2007 வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் நெகிரி செம்பிலானின் சிலியாவில் பிறந்த பீட்டர் வேலப்பன். கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆசியக் காற்பந்தின் நிர்வாகம் ஒரு தமிழர் கையில் இருந்திருக்கிறது, என் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1974 உலகக் கிண்ணத்தில் போலந்தும் ஹைட்டியும் மோதியபோது நடுவராக விசில் பிடித்தவர் நம் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும், அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

இனி என் ஃபெயில் கதை. செய்முறைத் தேர்வுக்கு எனக்கு வந்த தலைப்பு, முன்னோக்கி ஆடும்படி பந்தை வாங்குவது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்த்துவிட வேண்டும், உடம்பைப் பக்கவாட்டில் திறந்து நிற்க வேண்டும், பந்து வரும் பக்கத்துக் காலால் அல்ல, தள்ளியிருக்கும் தூரக்காலால் வாங்க வேண்டும். எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. செஷன் பிளானை மூன்று நிறப் பேனாவில் வரைந்து, கோன் வைக்கும் இடத்தைக்கூட அடிக்கணக்கில் குறித்துக்கொண்டு போனேன்.

இருபது நிமிடம். 4 எதிர் 4, இரண்டு பக்கமும் ஒவ்வொரு நடுநிலை ஆள், பந்து எந்த அணியிடமோ அந்த அணிக்கு ஆடுபவர். முதல் பாஸ் போனது, வாங்கியவர் கிட்டக்காலால் வாங்கினார். விசில். “ஸ்டாப்! அப்படியே நில்லுங்க!” ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி விளக்கினேன். மறுபடி ஆட்டம், மறுபடி ஒரு தப்பு, மறுபடி விசில். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது சரி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. முடிந்ததும் பயிற்றுநர் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்னக் கோடுகள், பதினொன்று. பக்கத்தில் பந்து ஓடிய நேரம், ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. “நன்றாகப் பேசினீர்கள். யாரும் ஆடவில்லை” என்றார். பாஸ் இல்லை, சில வாரம் கழித்து மறுதேர்வு.

கோபம் வந்ததா என்றால், வந்தது. எம்ஆர்டியில் அட்மிரல்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன், ஈசூனில் இறங்க மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திடலில் போனில் ரெக்கார்ட் செய்து பார்த்தேன். ஐயோ. ஏழெட்டு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறேன் போல. பிள்ளைகள் பந்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காத்திருந்த நாட்களில்தான் அந்த நவம்பர் 18, 2025 வந்தது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் அணி ஹாங்காங்கில் போய் ஒரு கோல் பின்தங்கி, ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் சில நிமிட இடைவெளியில் ஆளுக்கொன்று போட்டு 2-1. 1984-ல் ஆசியக் கிண்ணத்தை நாம் ஏற்று நடத்தியதால் ஆடினோம், ஆடித் தகுதி பெற்றது இதுதான் முதல் தடவை. கோப்பிக்கடையில் முன்பின் தெரியாத ஒரு அங்கிள் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கோ மனம் பக்கவாட்டுக் கோட்டில் நின்ற அணியின் பயிற்சியாளர் கேவின் லீ மேல் போனது. பெரிய ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர் இல்லை, பயிற்சியாளராகவே வளர்ந்தவர், இதே ஏணிதான். பதினொரு தடவை விசில் ஊதியிருக்க மாட்டார்.

மறுதேர்வுக்கு அதே தலைப்பு கேட்டு வாங்கினேன். இந்த முறை பேச்சை வைத்து அல்ல, ஆட்டத்தின் விதியை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிவு செய்தேன். வாங்கிய பந்தை முதல் தொடுதலிலேயே முன்னால் கொண்டுபோய் கோல் போட்டால் அதற்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான் விதி. ஆரம்பித்து ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தது, ‘கேட்டகரி 1’, அதாவது திடலை விட்டு ஓட வேண்டிய நிலை. எல்லோரும் கூரைக்கு ஓடினோம். ஐம்பது நிமிடம். மழையே பெய்யவில்லை, வானம் மட்டும் உறுமியது. பாங் தன் தைலத்தோடு மறுபடி வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஆட்டக்காரர்களாக ஆடிய இரண்டு பேர் தங்களுக்குள் புள்ளிக் கணக்குப் பற்றிச் சண்டை போட்டார்கள், தூரக்காலால் வாங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. பயிற்றுநர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

விளக்கு அணைந்து திரும்பியபோது இரண்டு தடவைதான் நிறுத்தினேன். பாஸ்.

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. மனைவி அதை அச்செடுத்து வைக்கலாம் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன், இதற்கும் காலாவதித் தேதி உண்டு, இடையில் புத்தாக்க வகுப்புகளுக்குப் போய் மணிக்கணக்குச் சேர்க்க வேண்டும். எடுக்க நினைப்பவர்களுக்கு: முதலுதவிச் சான்றிதழையும் கையோடு எடுத்துவிடுங்கள், பள்ளிகளில் வேலை தேடினால் கேட்பார்கள். வேலையில் லீவை முன்பே சொல்லி வையுங்கள், எனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்த நண்பனுக்கு இன்னும் மூன்று இரவு ஷிப்ட் கடன் இருக்கிறது. தைலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

லைசன்ஸ் கேட்ட அப்பாவிடம் போனில் சான்றிதழைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அடுத்தது பி-யா அண்ணே?” என்றார்.